‘இப்போ என்ன ஓடுது?’ – பின்னணி இசை ரசிகர்கள் கேட்பதற்கும் பகிர்வதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பின்னணி இசைப் பைத்தியம் பிடித்த இரண்டு பேர் பேச ஆரம்பித்தால், நலம் விசாரித்து முடிப்பதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்: “இப்போ என்ன ஓடுது?” பதிலாக நம்மில் பலர் ஒரு படத்தின் பெயரைச் சொல்லி, கூடவே “செம” என்று ஒரு சொல்லைச் சேர்த்து நிறுத்திக்கொள்கிறோம். கேட்டவர் “ஆமா, செம” என்பார். பேச்சு அங்கேயே படுத்துவிடும். அவர் வீட்டுக்குப் போய் அதைத் தேடிக் கேட்கப் போவதில்லை.

இசையைப் பகிர்வது என்றால் அடுத்தவர் காதைப் பிடித்து ஒரு குறிப்பிட்ட இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது என்பது என் கட்சி. எந்தப் பதிவு, எந்த இடம், அங்கே என்ன நடக்கிறது என்று மூன்றையும் சொல்லிவிட்டால் போதும். பாராட்டு வார்த்தையே தேவைப்படாது. ஆனால் அந்த மூன்றையும் சொல்வதற்குக் கொஞ்சம் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அந்த வேலையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

முதல் படி: கையில் இருப்பது எந்தப் பதிவு?

புதிதாக வருகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், பழைய ஆட்கள் இதற்காகவே சண்டை போடுகிறார்கள். திரையரங்கில் கேட்டதும் ஆல்பத்தில் இருப்பதும் ஒன்று என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை.

1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்தபோது, ஜான் வில்லியம்ஸ் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவுசெய்த இசை இரட்டை இசைத்தட்டாக வெளியானது. அதில் படத்தின் வரிசை இல்லை. உட்கார்ந்து கேட்பதற்கு எது நன்றாக இருக்குமோ அப்படி அவர் மாற்றி அடுக்கியிருந்தார். இருபது வருடம் கழித்து, 1997-இல் வந்த இரட்டை சிடியில்தான் படத்தின் வரிசைப்படி முழு இசையும் கிடைத்தது. ஒருவர் பழைய தட்டையும் இன்னொருவர் புதிய சிடியையும் வைத்துக்கொண்டு “அந்த மூன்றாவது ட்ராக்” என்று பேசினால், இரண்டு பேரும் வேறு வேறு இசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

‘சைக்கோ’ இன்னும் சிக்கல். படம் 1960. இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதே இசையை 1975-இல் நேஷனல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவை வைத்துத் தானே மறுபடி பதிவுசெய்தார். படத்தில் இருப்பதைவிட அதில் வேகம் குறைவு. படத்தைப் பார்க்காமல் அந்தத் தட்டை மட்டும் கேட்டவர், “இதில் என்ன இவ்வளவு பதற்றம் இருக்கிறது?” என்று கேட்டால் அவர் மேல் தப்பில்லை.

‘பிளேட் ரன்னர்’ 1982-இல் வந்தது. அந்த வருடம் கடைக்கு வந்த ஆல்பத்தில் படத்தின் இசையமைப்பாளர் வாங்கெலிஸ் வாசித்ததே இல்லை. நியூ அமெரிக்கன் ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில் வேறொரு குழு அந்த மெட்டுகளை வாசித்திருந்தது. வாங்கெலிஸ் பெயரில் அவருடைய ஆல்பம் வர 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படத்தில் இல்லவே இல்லாத பின்னணி இசையும் உண்டு. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’க்கு அலெக்ஸ் நார்த் எழுதிய இசையை இயக்குநர் குப்ரிக் ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே இருந்த மேற்கத்திய சாஸ்திரிய இசைப் பதிவுகளையே பயன்படுத்தினார். நார்த்தின் இசையை அவர் நண்பர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் 1993-இல் ஆர்கெஸ்ட்ரா வைத்துப் பதிவுசெய்து வெளியிட்டார். “நான் 2001 கேட்கிறேன்” என்று ஒருவர் சொன்னால், எந்த 2001 என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

ஆல்பம் குட்டையாக இருந்தால் இசையே அவ்வளவுதான் என்று முடிவுகட்ட வேண்டாம். அமெரிக்காவில் பதிவுசெய்த பல பழைய ஆல்பங்கள் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். படத்துக்காக வாசித்ததை ஆல்பமாக வெளியிட்டால் வாத்தியக்காரர்களுக்கு மறுபடி பணம் தர வேண்டும் என்பது அங்கே சங்க விதி. நிமிடம் கூடினால் செலவும் கூடும். அதனால் முப்பது நிமிடத்தில் கத்தரித்துவிடுவார்கள். பின்னாளில் இன்ட்ராடா, லா-லா லேண்ட் போன்ற சிறு நிறுவனங்கள் பழைய டேப்புகளைத் தேடியெடுத்து, குறைந்த எண்ணிக்கையில் முழு இசையையும் வெளியிட ஆரம்பித்தன. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதல் பாகத்துக்கு ஹோவர்ட் ஷோர் அமைத்த இசை 2001-இல் ஒரே சிடியாக வந்தது. 2005-இல் முழுப் பதிவு வந்தபோது அது மூன்று மணி நேரம்.

பாட்டுகள் உள்ள படங்களில் வேறு கதை. பாட்டு மட்டும் ஆல்பமாக வரும், பின்னணி இசை படத்துக்குள்ளேயே தங்கிவிடும். அப்போது ரசிகர்கள் படத்திலிருந்தே வெட்டியெடுத்த துண்டுகளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வசனமும் கதவுச் சத்தமும் கலந்திருக்கும். பரவாயில்லை, ஆனால் பகிரும்போது “இது படத்திலிருந்து எடுத்தது” என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கேட்பவர் சுத்தமான ஆல்பத்தைத் தேடித் தேடி அலுத்துப்போவார்.

ஆக, படம், இசையமைப்பாளர், பதிவு வந்த ஆண்டு, ட்ராக் பெயர் ஆகிய நான்கையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சில விரிவான பதிப்புகளில் ட்ராக் பெயருக்குப் பக்கத்தில் ‘1எம்1’, ‘5எம்2’ என்று இருக்கும். முதல் எண் படச்சுருள், ‘எம்’ என்றால் மியூசிக், கடைசி எண் அந்தச் சுருளில் எத்தனையாவது இசைத்துண்டு என்பது. ஆல்பத்தில் எப்படிக் கலைத்து அடுக்கியிருந்தாலும், படத்தில் எந்த இடத்தில் வருகிறது என்பதை இந்த எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாவது படி: மூன்று முறை கேளுங்கள்

முதல் முறை படத்தை மறந்துவிட்டுக் கேளுங்கள். வேறு வேலை செய்துகொண்டே கேட்பது வேண்டாம். (நானும் பாத்திரம் தேய்த்துக்கொண்டே நிறையக் கேட்கிறவன்தான். ஆனால் அப்படிக் கேட்டதைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை.) எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தீர்களோ அந்த நேரத்தை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள், 2:14 என்கிற மாதிரி. காரணம் எழுத வேண்டாம்.

இரண்டாவது முறை, அந்த இடம் வரும் காட்சியைப் படத்தில் பாருங்கள். அவசரப்பட்டு இதைத் தாண்டிவிடாதீர்கள். ‘ஜாஸ்’ இசையை ஆல்பத்தில் மட்டும் கேட்டால், அடியில் இரண்டே சுரம் மாறி மாறி முன்னேறி வருவது கேட்கும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். படத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது வேறொன்று தெரியும். இரண்டு பையன்கள் சுறாவின் துடுப்பு மாதிரி அட்டையில் செய்ததை வைத்துக்கொண்டு கடற்கரையையே அலற வைக்கும் இடத்தில் அந்த இசை வராது. கூட்டம் ஏமாறுகிறது, இசை ஏமாற்றவில்லை. அந்த இரண்டு சுரம் கேட்டால் சுறா வரும் என்று நம் காது பழகிவிடுகிறது. அப்புறம் இசையமைத்த ஜான் வில்லியம்ஸும் இயக்குநர் ஸ்பீல்பெர்க்கும் அதை வைத்தே நம்மை அடிக்கிறார்கள். போலீஸ் அதிகாரி படகின் பின்பக்கம் நின்று மீனுக்கு இரை வீசிக்கொண்டிருக்கும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தண்ணீருக்கு மேலே தலை வருகிறது. இசை இல்லாததுதான் அங்கே அதிர்ச்சியே. இசை இல்லாத இடத்தை ஆல்பத்தில் கேட்க முடியாது அல்லவா?

மூன்றாவது முறை, குறித்த இடத்துக்கு முன்னால் பத்து விநாடியும் பின்னால் இருபது விநாடியும் மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். ஐந்தாறு தடவை போதும்.

மூன்றாவது படி: ஒரே ஒரு விஷயத்தைப் பிடியுங்கள்

எல்லாவற்றையும் சொல்ல ஆசைப்பட்டால் ஒன்றுமே போய்ச் சேராது. நான் கேட்டுக்கொள்வது மூன்று கேள்விகள்: யார் வாசிக்கிறார்கள்? எது திரும்ப வருகிறது? எது நின்றுபோனது?

‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். யார் வாசிக்கிறார்கள்? தந்தி வாத்தியங்கள் மட்டும். படம் முழுக்கவே அப்படித்தான். முழவு இல்லை, ஊதுகுழல் இல்லை. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். ஹெர்மன் கேட்காமல் எழுதிவிட்டார், கேட்டுப் பார்த்த ஹிட்ச்காக் மனதை மாற்றிக்கொண்டார். இப்போது உற்றுக் கேளுங்கள். உச்சியில் வயலின் மட்டும் கீச்சிடும். பிறகு ஒவ்வொரு பிரிவாகக் கீழ்ப்பக்கம் சேர்ந்துகொண்டே வந்து அடியில் உள்ள பெரிய தந்தி வாத்தியங்கள் வரை இறங்கும். மேலிருந்து கீழே வரும் கத்தியின் திசைதான் அது. கொலை முடிந்ததும் கீச்சல் நின்று, அடித்தந்திகள் மட்டும் கனமாக இழுத்து இழுத்து ஒலிக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. படத்தின் மற்ற இடங்களில் அந்த வாத்தியங்களின் குதிரை (தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டு) மேல் ஒலியை அமுக்கும் மியூட் மாட்டியிருக்கிறார்கள், அதனால் ஒலி கொஞ்சம் அமுங்கியே வரும். குளியலறைக் காட்சியில் மட்டும் மியூட்டைக் கழற்றிவிட்டார் ஹெர்மன். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு பேசியவன் திடீரென்று வாயைத் திறந்து கத்தியது போல இருக்கும். இது ஒன்றைத் தெரிந்துகொண்டு கேட்டால், பல தடவை கேட்ட இசை வேறு மாதிரி கேட்கும். நண்பரிடம் பகிர இந்த ஒரு விஷயமே போதும்.

‘எது திரும்ப வருகிறது’ என்பதற்கு, ஒரு பாத்திரத்துக்கோ இடத்துக்கோ கட்டிய மெட்டைப் பின்தொடரலாம். லைட்மோட்டிஃப் என்பார்கள். அது முதலில் எந்த வாத்தியத்தில் வந்தது, கடைசியில் எதில் வருகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். பாதிக் கதை அதிலேயே இருக்கும். சில மெட்டுகள் படம் விட்டுப் படம் தாவும். சாவைக் குறிக்கும் ‘டீஸ் ஈரே’ என்ற இடைக்காலத் தேவாலயப் பாடலின் முதல் நான்கு சுரங்கள் அப்படிப்பட்டவை. ‘தி ஷைனிங்’ (1980) தொடக்கத்தில் கார் மலைப்பாதையில் போகும்போது கேட்பது அதுதான். ஒருமுறை காதில் ஏறிவிட்டால் பார்க்கும் படத்திலெல்லாம் கேட்கும். ஒவ்வொரு முறையும் “இதோ டீஸ் ஈரே!” என்று கூவுகிறவராக மட்டும் ஆகிவிடாதீர்கள். நான் ஒரு வருடம் அப்படி இருந்தேன், என் கூட்டாளிகள் பொறுமைசாலிகள்.

நான்காவது படி: சொற்களைத் தேர்ந்தெடுங்கள்

இசை இலக்கணம் தெரியாவிட்டால் எழுதக் கூடாது என்று ஒன்றும் இல்லை. ஆனால் “புல்லரிக்குது”, “வேற லெவல்”, “மனசை என்னவோ செய்யுது” எல்லாம் உங்களைப் பற்றிய செய்திகள். இசையைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை. புல்லரித்தது எந்த விநாடியில், அந்த விநாடியில் எது உள்ளே வந்தது அல்லது வெளியே போனது என்று எழுதிவிட்டால், புல்லரிப்பை அவரே பார்த்துக்கொள்வார்.

ஏறுகிறது, இறங்குகிறது, ஒரே சுரத்தில் நிற்கிறது, தடுமாறுகிறது, பிடிவாதமாகத் திரும்ப வருகிறது, பாதியில் அறுந்துபோகிறது. இப்படி வினைச்சொற்களாக யோசியுங்கள். ‘இன்டர்ஸ்டெல்லர்’ (2014) கேட்டுவிட்டு “பிரம்மாண்டம்” என்று எழுதுவதில் என்ன இருக்கிறது? ஹான்ஸ் ஸிம்மர் அதில் லண்டன் டெம்பிள் தேவாலயத்தின் பைப் ஆர்கனைப் பயன்படுத்தினார், வாசித்தவர் ரோஜர் சேயர். ஆர்கன் காற்றால் ஒலிக்கும் வாத்தியம், நம் ஆர்மோனியத்துக்குப் பெரிய அண்ணன் மாதிரி. காற்றே இல்லாத விண்வெளிக் கதைக்கு, மூச்சு விடும் வாத்தியம். இப்படி எழுதினால், படிப்பவர் உடனே ஹெட்போனைத் தேடுவார்.

ஐந்தாவது படி: எழுதுங்கள்

நான் எப்படி எழுதுகிறேன் என்று ஒன்றைக் காட்டுகிறேன். முதல் முயற்சி இப்படி இருந்தது:

“தி தேர்ட் மேன் கேட்டுட்டு இருக்கேன். என்ன ஒரு இசை! கட்டாயம் கேளுங்க.”

இதில் ஒன்றுமே இல்லை. கட்டாயம் வேறு. திருத்திய பிறகு:

“தி தேர்ட் மேன், 1949. படத்தில் இருக்கும் இசையைத்தான் கேட்கிறேன். அன்டன் கராஸ் என்ற ஒரே ஆள், ஜிதர் என்ற ஒரே தந்தி வாத்தியம், பின்னணி இசை மொத்தமும் அவ்வளவுதான். டைட்டில் ஓடும்போது திரை முழுக்க ஜிதரின் தந்திகள் அதிர்வது தெரியும், வாசிக்கும் கை தெரியாது. போரில் இடிந்துபோன வியன்னா, கள்ளச்சந்தை, சாவு என்று கதை போகிறது. இசையோ கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவன் மாதிரி துள்ளிக்கொண்டே போகிறது. இரண்டும் ஒட்டாமலே இருக்கின்றன. முதல் ஐந்து நிமிடம் போதும், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்: எரிச்சலா, சந்தோஷமா?”

ஐந்தாறு வரிதான். என்ன பதிவு, எங்கே ஆரம்பிப்பது, எதைக் கவனிப்பது மூன்றும் இருக்கின்றன. கடைசிக் கேள்வியை வேண்டுமென்றேதான் வைத்தேன். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். எரிச்சலா சந்தோஷமா என்று கேட்டால் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

நீளம் இதைவிடக் கூடினால் பாதியை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு இசைக்கு மேல் பகிராதீர்கள். பத்து பெயரை அடுக்கினால் ஒன்றைக்கூட யாரும் கேட்பதில்லை.

ஆறாவது படி: அனுப்பும் முன் சரிபாருங்கள்

இந்தப் படி என் சூட்டுத் தழும்பிலிருந்து வருகிறது. ‘ஏலியன்’ (1979) படத்தின் முடிவில் பெயர்கள் ஓடும்போது வரும் இசையைக் கேட்டு உருகி, “கோல்ட்ஸ்மித்தால் மட்டும்தான் இப்படி முடிக்க முடியும்” என்று நீளமாக எழுதி அனுப்பிவிட்டேன். அது கோல்ட்ஸ்மித்தே இல்லை. அவர் எழுதிய முடிவிசையை எடுத்துவிட்டு, ஹோவர்ட் ஹான்சன் என்பவரின் இரண்டாம் சிம்பொனியிலிருந்து ஒரு பகுதியைப் போட்டிருந்தார்கள். அது 1930-ஆம் வருடத்து இசை. ஒரு நண்பர் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: “ஹான்சனிடம் சொல்லிவிடுகிறேன்.” அதிலிருந்து, படத்தின் கடைசியில் ஓடும் இசைப் பட்டியலை நிறுத்திப் படிக்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை.

வாசித்தவர்கள், பாடியவர்கள் பெயரையும் தேடுங்கள். இயக்குநர் செர்ஜியோ லியோனேயின் படங்களுக்கு என்னியோ மோரிகோனே அமைத்த இசையில் அந்த விசில் அலெஸ்ஸாண்ட்ரோ அலெஸ்ஸாண்ட்ரோனியுடையது, வார்த்தையில்லாமல் உயரே போகும் பெண் குரல் எட்டா டெல்லோர்ஸோவுடையது. ‘ஜாஸ்’ படத்தில் ட்யூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தை வாசித்தவர் டாமி ஜான்சன்.

“காட்சிக்கு எவ்வளவு பொருத்தமாக இசை போட்டிருக்கிறார்!” என்று எழுதப் போகிறீர்களா? எது முதலில் வந்தது என்று பார்த்துவிடுங்கள். ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ (1968) படத்தின் முக்கிய மெட்டுகளை மோரிகோனே படப்பிடிப்புக்கு முன்பே முடித்துக் கொடுத்துவிட்டார். லியோனே அவற்றைப் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிக்கவிட்டார், நடிகர்கள் அதைக் கேட்டுக்கொண்டே நடந்தார்கள். ‘ஈ.டி.’ (1982) கடைசிக் காட்சிகளில் படத்தோடு ஓட்டிப் பார்த்து வாசித்தபோது சரிப்பட்டு வரவில்லை. படத்தை மறந்துவிட்டு இசைக்குத் தோன்றியபடி வாசியுங்கள் என்று ஸ்பீல்பெர்க் வில்லியம்ஸிடம் சொல்லிவிட்டு, அதற்கேற்பப் படத்தை வெட்டினார். ஜப்பானிய இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷி ‘நவுசிகா’வுக்கு 1983-லேயே ஒரு முன்னோட்ட ஆல்பம் செய்துவிட்டார், படம் வந்தது 1984-இல். இவற்றிலெல்லாம் பொருந்திப்போனது படம்தான்.

ஏழாவது படி: கதையைப் போட்டு உடைக்காதீர்கள்

ட்ராக் பெயரே கதையைச் சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது. 1999-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் புதிய படம் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆல்பம் கடைக்கு வந்துவிட்டது. பின்னட்டையில் ஒரு முக்கியப் பாத்திரத்தின் முடிவும் இறுதிச்சடங்கும் ட்ராக் பெயர்களாகவே அச்சாகியிருந்தன. (எந்தப் பாத்திரம் என்று நான் சொல்லப்போவதில்லை, பார்க்காதவர்கள் இன்னும் இருக்கலாம்.) புதுப் படம் என்றால் பெயரை விட்டுவிட்டு ட்ராக் எண்ணை மட்டும் கொடுங்கள்.

எட்டாவது படி: அடுத்தவர் பகிர்ந்ததைக் கேளுங்கள்

நாம் பகிர்ந்ததை மற்றவர்கள் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். அவர்கள் பகிர்ந்ததைக் கேட்காமலேயே கைதட்டி அனுப்பிவிடுகிறோம். வாரத்துக்கு ஒன்றாவது முழுதாகக் கேளுங்கள். கேட்டால், அவர் சொன்ன இடத்தில் என்ன கேட்டது என்று ஒரு வரி எழுதுங்கள். கேட்கவில்லை என்றால் பேசாமல் இருந்துவிடலாம், குடி முழுகிப் போகாது.

பிடிக்கவில்லை என்றாலும் சொல்லலாம், ஆனால் அதற்கும் நேரக்குறிப்பு வேண்டும். “1:40 வரை நன்றாகப் போனது, முழவு உள்ளே வந்ததும் மெட்டு அமுங்கிவிட்டது” என்று சொன்னால் அவர் மறுபடி போய்க் கேட்பார். சில சமயம் ஒப்புக்கொள்வார். சில சமயம், முழவு வரவேண்டிய காரணத்தை எடுத்துச் சொல்லி நம் வாயை அடைத்துவிடுவார். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் நடந்திருக்கிறது.